ஜெய்சல்மர் பட்டாம்பூச்சிக்கு உடுமலைச் சாட்சி

பாலைவனத்தில் பறக்கிற பட்டாம்பூச்சிக்குக் கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு பெயர் சொல்கிற வேலையில் வியர்வை கிடையாது, சம்பளம் கிடையாது, நீங்கள் சொன்னதை நம்புகிற ஆளும் கிடையாது.

ஏதாவது ஒரு வாட்ஸப் குழுவில் 'விவரம் தெரிஞ்சவர்' என்று பெயர் வாங்கிவிட்டு, காப்பி குடிப்பதற்கு முன்பே வந்து விழும் மங்கலான படங்களுக்குப் பதில் சொல்லிக் கண் பூத்துப்போன பாவப்பட்டவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் மூலிகைக்குப் பெயர் சொல்பவராக இருக்கலாம், பாம்புக்குச் சொல்பவராக இருக்கலாம். எல்லோருக்கும் நோவு ஒன்றுதான்.

நான் உடுமலைப்பேட்டைக்காரன். காற்றாலை ரிப்பேர் பார்ப்பது என் பிழைப்பு. எங்கள் பக்கம் அதைக் காத்தாடி என்போம். உடுமலைக் காத்தாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவனைக் கம்பெனி ராஜஸ்தானுக்கு, ஜெய்சல்மர் பக்கம் அனுப்பியது. அங்கே வெயில் எப்படி என்றால், பட்டாம்பூச்சி தன் நிழலிலேயே தான் ஒதுங்கி நிற்கும். நம்பினால் நம்புங்கள். காத்தாடி ரிப்பேருக்குப் போகிற இடத்தில் காற்று அடித்தால் மேலே ஏற முடியாது, சும்மாதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படிச் சும்மா இருந்த நேரத்தில்தான் பூச்சி பார்க்கிற பித்துப் பிடித்தது. ரிட்டயராகி, சரவணம்பட்டியில் மகன் ஃபிளாட்டுக்கு வந்த பிறகும் பித்து இறங்கவில்லை. ஜெய்சல்மரில் இன்னும் நம் ஆட்கள் இருக்கிறார்கள்: காத்தாடிக்கு உடுமலை, பல்லடம், போர்வெல் லாரிக்குத் திருச்செங்கோடு. அவர்கள் படம் எடுத்து அனுப்புவார்கள், நான் பெயர் சொல்வேன். குழுவில் எனக்கு மேலே ஒரு நீதிபதி உண்டு. ஆர்.எஸ்.புரத்து ராஜேஸ்வரி அம்மணி, காலேஜில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். செடி என்றால் அவர், பூச்சி என்றால் நான். தீர்ப்பு என்றால் மறுபடியும் அவர்.

இந்த வருஷம் அம்மணி ஒரு முடிவு எடுத்தார். நம் ஆட்கள் அங்கே பார்த்த பூச்சிகளையெல்லாம் படமும் பெயருமாக ஒரு பெரிய சார்ட்டாக அச்சடித்து, கேம்ப் சாப்பாட்டுக் கூடத்துச் சுவர்களில் ஒட்டுவது. அந்தச் சார்ட்டில் நான் பார்த்த ஒரு பூச்சி வர வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வீட்டில் கேட்டால் வெறி என்பார்கள்.

காத்தாடியைத் திருப்பிய பூச்சி

சின்ன சால்மன் அராப் என்று அந்தப் பாலைவனத்தில் ஒரு பூச்சி. உள்ளங்கைக்குள் அடங்கும், ஆரஞ்சும் ரோஜாவும் கலந்த நிறம், ஓரமெல்லாம் கறுப்புப் பட்டை. அதற்குப் பங்காளி முறையில் இன்னொன்று உண்டு, பெரிய சால்மன் அராப். அதற்கு முன்னிறக்கையின் மேல் விளிம்பில் கறுப்பு ஏறியிருக்காது. பின்னிறக்கை ஓரத்தில் பட்டையும் இருக்காது, பொட்டு வைத்தாற்போல் சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும். அந்தப் பக்கம் உண்டு என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்களில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஒரு நாள் காலை காத்தாடியின் அடிக்கதவுப் பக்கம் நிற்கிறேன், கை முழுக்க கிரீஸ். என் ஸ்பானர் பையின் மேல் வந்து உட்கார்ந்தது. இறக்கையை முழுசாக விரித்துக் காட்டியது. போன் அக்கட்ட நின்ற ஜீப்பில். கையைத் துடைப்பதற்குள் போய்விட்டது. நடந்தது அவ்வளவுதான்.

இதை அப்படியே குழுவில் சொல்லியிருக்கலாம். எழுதிப் பார்த்தேன், உப்பில்லாத ரசம் மாதிரி இருந்தது. அதனால் கொஞ்சம் தாளித்தேன். காத்தாடியின் தலையில் காற்றின் திசை பார்க்க ஒரு சின்ன வால் உண்டு. பூச்சி அந்த வாலில் உட்கார்ந்தது, வால் திரும்பியது, வாலைப் பார்த்து காத்தாடியே மொத்தமாகத் திரும்பியது, ஊருக்குள் கரண்டு கொஞ்சம் குறைந்தது என்று எழுதிவிட்டேன். கரண்டை விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அரை மணி நேரத்தில் அம்மணியிடமிருந்து பதில் வந்தது.

"படம் இல்லைன்னா பூச்சி இல்லீங்க சார். காத்தாடி திரும்பினதுக்கும் படம் இருந்தா அனுப்புங்க."

சாம்பல் நிறத்தில் ஒரு புதுசு

தங்கவேலு போர்வெல் லாரி டிரைவர், திருச்செங்கோட்டுக்காரர். பாலைவனத்தில் பாறையைத் துளைத்துத் தண்ணீர் தேடுகிற ஆள். தண்ணீர் வருகிறதோ இல்லையோ, கல்மாவு வரும். லாரி, ஆள், தட்டில் இருக்கிற சோறு எல்லாம் ஒரே நிறமாகிவிடும். அவர் ஒரு நாள் படம் அனுப்பினார். லாரியின் பானெட் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி. கோடு இல்லை, புள்ளி இல்லை. துவைத்துப் போட்ட பழைய வேட்டியில் வெட்டி ஒட்டினாற்போல் இருக்கிறது.

இப்படி ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டு நாள் தூக்கமில்லை. புது இனம் என்றால் கண்டுபிடித்தவர் பெயரில் பாதி வைப்பார்களாமே என்று என் பெயரை லத்தீன் மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், இறக்கையின் ஒரு மூலையில் மட்டும் மாவு உதிர்ந்து, அடியில் ஆரஞ்சு தெரிகிறது. நம் எருக்கஞ்செடியில் தினமும் பார்க்கிற வெந்தய வரியன். ஊரெங்கும் இருக்கிற பூச்சி. மாவில் குளித்துவிட்டுப் பானெட்டில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. "தங்கவேலு, அது மேல பூரா உங்க போர் தூசிங்க" என்று போனில் சொன்னேன். மனுஷன் துளிகூட வருத்தப்படவில்லை.

"அதுக்கென்னங்ணா, கம்ப்ரசர்ல லேசா ஒரு ஊது ஊதிட்டு மறுக்கா எடுத்து அனுப்பட்டுங்களா?"

ஆயிரம் அடி ஆழத்துக் கல்லையே ஊதி மேலே தள்ளுகிற கம்ப்ரசர் அது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நட்டு வைத்து அளந்தது

பூச்சிப் படத்தில் பெரிய தொல்லை அளவு. போனில் பார்க்கும்போது குண்டுமணி அளவுப் பூச்சியும் தெரியும், வௌவால் அளவுப் பூச்சியும் தெரியும், இரண்டும் ஒரே அளவில் தெரியும். ராஜேஸ்வரி அம்மணி ஒரு விதி போட்டார்: படத்தில் பூச்சிக்குப் பக்கத்தில், அளவு எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருள் இருக்க வேண்டும். காத்தாடிக்காரர்களுக்கு அளவு தெரிந்த பொருள் என்றால் நட்டுதான். அது பதினாறாம் நம்பரா இருபதாம் நம்பரா என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வார்கள்.

மகேஷ் என்று ஒரு பையன். பையன் என்றால் அவனுக்கே கல்யாண வயசில் பெண் இருக்கிறாள், எனக்குப் பின்னால் அந்த வேலைக்குப் போனவன். சொன்ன விதியை இம்மி பிசகாமல் செய்கிறவன். மறுநாளே படங்கள் வந்தன. மணலில் ஒரு நட்டு. எருக்கிலையில் ஒரு நட்டு. வேலமரக் கிளையில், விழாமல் இருக்க டேப் போட்டு ஒட்டிய ஒரு நட்டு. ஒட்டகச் சாணத்தின் மேல் ஒரு நட்டு. கடைசிப் படத்தில் நட்டுக்குப் பக்கத்தில் மகேஷின் கட்டைவிரல். எதிலும் பூச்சியைக் காணோம். கூப்பிட்டுக் கேட்டேன்.

"நட்டை எடுத்துட்டுக் கிட்டப் போறதுக்குள்ள பறந்துபோச்சுங்ணா, ஆனா அது உக்காந்த எடம் அத்தனையும் அளந்துபோட்டேன்!"

வேஷம் கட்டிய அம்மணி

வெந்தய வரியன் எருக்கம்பாலில் வளர்ந்த பூச்சி. கசக்கும், குருவி தொடாது. இதைப் பார்த்துவிட்டு வேறொரு இனத்துப் பெண் பூச்சி, டனாய்டு எக்ஃபிளை என்று பெயர், அச்சாக அதே ஆரஞ்சு, அதே கறுப்பு விளிம்பு என்று உடுத்திக்கொண்டு திரியும். உள்ளே கசப்பு ஒன்றும் இல்லை, வேஷம் மட்டும்தான். பின்னிறக்கையின் நடுவில் வெந்தய வரியனுக்கு மூன்று நாலு கறுப்புப் புள்ளி இருக்கும்; வேஷக்காரிக்கு அது இருக்காது, மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளி. அதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

தங்கவேலு ஒரு படத்தை எனக்குத் தனியாகவும் அம்மணிக்குத் தனியாகவும் அனுப்பி, இருவரையும் சோதித்தார். கவனித்தீர்களா, இந்தத் தொழிலில் நமக்கே பரீட்சை வைப்பார்கள். அம்மணி வெந்தய வரியன் என்றார். நான் வேஷக்காரி என்றேன். தங்கவேலு குழுவில் இருவர் பதிலையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, "இப்ப என்னங்க பண்றது?" என்று கேட்டுவிட்டார். நான் புள்ளியைக் காட்டினேன். அம்மணி பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார் சொல்றது சரிங்க, நான் அது உக்காந்த பூவைத்தான் பாத்தேன்" என்று எழுதினார். நாலு பேர் பார்க்க அம்மணி என்னைச் சரி என்று எழுதிய முதல் தடவை அது. அந்தப் படத்தை விடுங்கள், அந்த வரியை நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். சூட்டோடு சூடாகப் பெரிய சால்மன் பேச்சை எடுத்தேன். "இந்தக் கண்ணுதானுங்களே அதையும் பாத்துச்சு" என்றேன். "படம் அனுப்புங்க சார்" என்றார். தங்கவேலுவுக்கு எங்கள் வழக்கில் அக்கறை இல்லை. அவர் இன்னும் வேஷக்காரியையே யோசித்துக்கொண்டிருந்தார்.

"எங்கூர்ல ஓட்டை லாரிக்குப் பெரிய கம்பெனி பெயிண்ட் அடிச்சுட்டு வருவானுங்க, போலீஸ்காரன் நிறுத்தமாட்டான், அந்தாட்டந்தானுங்களே இது?"

சரவணம்பட்டியில் பாலைவனம்

என் மருமகள் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். "எதுக்கு மாமா கண்ணைக் கெடுத்துக்கறீங்க, இதுக்கெல்லாம் ஆப் இருக்குது" என்று ஒன்றை என் போனில் போட்டுக்கொடுத்தாள். படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும். என் வேலைக்கே வேட்டு வைக்கிற சாமான் என்று தெரிந்தும், மரியாதைக்காக, மகேஷ் அனுப்பிய ஒரு பாலைவனப் பூச்சியின் படத்தைக் காட்டினேன். பெயரைச் சரியாகவே சொன்னது. வயிறு எரிந்தது. ஆனால் அது எந்த ஊரில் பார்த்தது என்பதை மட்டும் என் போன் இருக்கிற இடத்தை வைத்து எடுத்துக்கொண்டது: கோயமுத்தூர், சரவணம்பட்டி. அதை அப்படியே ஊருக்கெல்லாம் தெரியும்படி போட்டும் விட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாடியிலிருந்து பார்க்கிறேன், எங்கள் அபார்ட்மெண்ட் கேட்டுக்கு வெளியே தொப்பி போட்ட இரண்டு பேர், ஆளுக்கொரு பீரங்கி மாதிரி கேமரா. எங்கள் ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்தில் இருக்கிற குரோட்டன்ஸ் செடியைக் கேட்டுக் கம்பி வழியாக முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு ஆசையோடு தேடுகிறவர்களைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. இறங்கிப்போய், "காலையில பாத்தப்ப அந்த டிரான்ஸ்ஃபார்மர் பக்கமா போச்சுங்க தம்பி" என்றேன். மதியம் வரை டிரான்ஸ்ஃபார்மரைக் காவல் காத்தார்கள். சாயங்காலம் இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தபோது, வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டார்.

"ஐயா, பாலைவனத்தைத் தேடிட்டு நாலு பேரு வந்துருக்காங்க, எந்த பிளாக்குன்னு சொல்லி அனுப்பட்டுங்க?"

ஒரு 'ஆமாங்க'

சார்ட் அச்சுக்குப் போகிற நாள் வந்தது. காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணி வாக்கில் போன் அதிர்ந்தது. மகேஷ்! படம்! இறக்கையை முழுசாக விரித்துக்கொண்டு, ஆரஞ்சும் ரோஜாவுமாக, பூ மாதிரி ஒரு பூச்சி. அடியில் எழுதியிருக்கிறான்: "அண்ணா, உங்க பெரிய சால்மன் சிக்கிருச்சு!" குழுவில் பட்டாசு வெடித்தது. தங்கவேலு கைதட்டுகிற பொம்மையை வரிசையாகப் போட்டார். அம்மணியே போன் செய்தார். "சார், படம் வந்துருச்சு. பூச்சி விஷயத்துல நீங்கதான் முடிவு. நீங்க ஆமாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா சார்ட்டோட கடைசிக் கட்டத்துல போட்டு அச்சுக்கு அனுப்பிடறேன். அச்சாபீஸ்காரர் லைன்ல காத்திருக்கார்" என்றார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினேன்.

முன்னிறக்கையின் மேல் விளிம்பில் கரி பூசினாற்போல் கறுப்பு. பின்னிறக்கை ஓரத்தில் புள்ளி வரிசை இல்லை, சேலைக்கரை மாதிரி அகலமாகக் கறுப்புப் பட்டை. பெரியது இல்லை. சின்னதுதான், கிட்டத்தில் வைத்து எடுத்ததால் பெரிதாகத் தெரிகிறது. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் மட்டும் பெரியதாக இருந்தது.

அட, ஒரு 'ஆமாங்க'தானே? உடுமலையிலிருந்து ஜெய்சல்மர் வரை நான் விட்ட கதைகளில் இது எந்த மூலைக்கு? ஆனால் யோசித்துப் பாருங்கள். சின்னதைப் பெரியது என்று சுவரில் ஒட்டிவிட்டால், அதைப் பார்த்துப் பார்த்து இவர்கள் ஆயுசுக்கும் சின்னதையே பெரியது பெரியது என்று அனுப்புவார்கள். நானும் ஆயுசுக்கும் ஆமாங்க ஆமாங்க என்று சொல்லிக்கொண்டே சாக வேண்டும். அதைவிட, நான் பார்த்த அந்த ஒரு பூச்சியை நானே இல்லை என்று ஆக்கின மாதிரி. கதை விடலாம், ஆனால் கண் முன்னால் இருக்கிற கறுப்புப் பட்டையை இல்லை என்று சொல்ல முடியாது. "இல்லீங்க அம்மணி. இது சின்னதுங்க" என்றேன். குழுவிலும் அதையே எழுதினேன். தங்கவேலு, "அண்ணன் பிகு பண்றாருங்க, போடுங்க மேடம்" என்று எழுதினார். மகேஷ் நேராகப் போனில் வந்துவிட்டான். பாவம், இரண்டு வாரமாக டியூட்டி முடிந்து வெயிலில் அலைந்து எடுத்த படம் அது.

"ஏனுங்ணா, பூச்சி காத்தாடியவே திருப்புச்சுன்னு கூசாம சொன்னீங்க, எனக்காக ஒரே ஒரு ஆமாங்க சொல்ல வாய் வரலீங்களா?"

கடைசிக் கட்டம்

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மருமகள் தயிர்சாதத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன மாமா, உங்க பூச்சி செத்துருச்சா?" என்றாள். செத்திருந்தால்கூட ஒரு படம் எடுத்திருக்கலாம்.

சாயங்காலம் அம்மணி கூப்பிட்டார். சார்ட் அச்சுக்குப் போய்விட்டது, மகேஷின் படம் சின்ன சால்மன் கட்டத்தில் போய்விட்டது, ஏற்கனவே அங்கே இருந்த படத்தைவிட நன்றாக இருக்கிறது என்றார். நல்லதுங்க என்றேன். பிறகு தொண்டையைச் செருமினார். காலேஜில் பாடம் நடத்தியவர். செருமினால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். "சார், நான் இத்தனை நாளா நினைச்சுட்டு இருந்தது வேற. உங்களுக்குச் சார்ட்டுல பேரு வந்தாப் போதும்னு நினைச்சேன். அதுக்கு இன்னைக்கு வழி இருந்துச்சு, நீங்க வேண்டாம்னுட்டீங்க. சின்னதைச் சின்னதுன்னு சொல்றவர் பெரிசைப் பாத்துருக்காருன்னுதானுங்களே அர்த்தம்? காத்தாடி திரும்பினதை நான் எடுத்துட்டேன். பூச்சியை வெச்சுட்டேன்" என்றார். "படம் இல்லீங்களே அம்மணி?" என்று நானே கேட்டேன். "விதி விதிதாங்க. படம் இல்லாததனால படம் போடலை" என்றார்.

விஷயம் இதுதான். எல்லாப் பூச்சிக்கும் ஒரு கட்டம், உள்ளே படம், அடியில் பூச்சியின் பெயர், 'படம்: மகேஷ்', 'படம்: தங்கவேலு' என்று எடுத்தவர் பெயர். கடைசிக் கட்டத்தில் சட்டம் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அடியில், 'பெரிய சால்மன் அராப். பார்த்தவர்: குப்புசாமி, உடுமலை.' பார்த்தவர்! மொத்தச் சார்ட்டிலும் அந்த வார்த்தை என் ஒருவன் பெயருக்கு முன்னால்தான். எனக்கு வந்த பிரதியை ஹாலில் டி.வி.க்கு மேல் ஒட்டினேன். மருமகள் டி.வி.யை நகர்த்திக்கொடுத்தாள். ஒரு வாரத்தில் சார்ட் ஜெய்சல்மர் போய்ச் சேர்ந்தது. தங்கவேலு சாப்பாட்டுக் கூடத்திலிருந்தே கூப்பிட்டார். பின்னால் தட்டுச் சத்தம், ஆளாளுக்குச் சார்ட்டைப் பார்த்துப் பேசுகிற சத்தம். இவர் குரலில் மட்டும் புதையல் கண்ட சந்தோஷம்.

"அண்ணா, நீங்க பாத்த பெரிய சால்மன் எங்க லாரிகிட்ட தினமும் வருதுங்ணா, சார்ட்டுல இருக்கறாட்டவே சுத்த வெள்ளை, ஒரு புள்ளி கூட இல்லீங்க!"

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது பாலைவனத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெற்றிடம்தான் என்றாலும், அதற்குள்ளும் ஒருவர் பூச்சியைப் பார்த்துவிட்டார் என்றால் தொழிலில் எனக்கு நல்ல வாரிசு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.